உட்காரும் நாள்

இளம்பரிதிக்கு நடந்த அநியாயங்கள் நான்கு. அவற்றை அவன் வரிசை மாறாமல் சொல்வான்.

முதலாவது, பதினேழரை வயதில். படைக்கு ஆள் எடுக்கும் முகாமின் தேதியை மாற்றினார்கள். மாற்றியதை யாரும் சொல்லவில்லை. அவன் போனபோது மைதானத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, பதினெட்டில். அந்த வருடம் முகாம் இல்லை. வயது மட்டும் நிற்காமல் போனது.

மூன்றாவது, பத்தொன்பதில். முந்நூறு பேரை ஒரே கோட்டில் நெருக்கி நிறுத்தி விசில் ஊதினார்கள். முன்னால் ஒருவன் விழுந்தான். அவன்மேல் இவன் விழுந்தான். இவன்மேல் ஏறி மற்றவர்கள் ஓடினார்கள்.

நான்காவது, இருபது தொடங்கியபோது. நான்கு சுற்று ஓடி, முடிக்க ஆறு அடி இருந்தது. நேரம் ஆகிவிட்டது என்று குறுக்கே கயிற்றை இழுத்தார்கள். கயிறு நெஞ்சில் பட்டது. அதைத் தாண்டியவர்களிடம் பெயர் கேட்டார்கள். தாண்டாதவர்களை, நம்பரைச் சொல்லி வெளியே போகச் சொன்னார்கள்.

நான்கையும் சொல்லி முடித்துவிட்டு, இளம்பரிதி தன் ஆசிரியையை நிமிர்ந்து பார்த்தான்.

"அஞ்சாவதை நீங்க பண்றீங்கக்கா."

"என்ன பண்ணேன்?"

"முகாமுக்கு நாப்பது நாள் இருக்கு. ஒரு நாள் ஓடு, ஒரு நாள் உட்காருன்னு சொல்றீங்க. இருபது நாள் நான் சும்மா உட்காரணுமா? மத்த ஊர்ப் பசங்க நாப்பது நாளும் ஓடுறானுங்க."

ஆசிரியையின் பெயர் பொற்கொடி. அவளுக்கு வயது இருபத்தாறு. அவளும் ஒரு காலத்தில் முகாமில் தேறிப் படைப் பயிற்சிக்குப் போனவள். பதினோராவது வாரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆற்றில் முப்பது பையன்களை ஓடவைக்கிறாள்.

ஆற்றில் தண்ணீர் கிடையாது. மணலையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அடியில் கெட்டித் தரை தெரிந்தது. ஏழைப் பிள்ளைகள் ஓட ஊருக்குள் ஒரு மைதானம் கேட்டு எத்தனையோ மனு கொடுத்தாயிற்று. கடைசியில் மணல் திருடர்கள்தான் கொடுத்தார்கள்.

"உட்கார்ந்தா என்ன ஆகும் உனக்கு?" என்று கேட்டாள்.

"கோவம் வரும்."

வருவது கோபமில்லை. ஓடும் நாளில் அது அவன் முதுகுக்குப் பின்னால் எங்கோ வரும். உட்காரும் நாளில் எதிரே வந்து குந்திக்கொண்டு அவன் முகத்தையே பார்க்கும். அடுத்த முகாம் முடிந்த மறுமாதம் அவனுக்கு இருபத்தொன்று. அதன் பிறகு அவனை எந்தக் கோட்டிலும் நிற்கவிட மாட்டார்கள்.

"காலை நீட்டு," என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டினான். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மேலிருந்து கீழே, ஒவ்வொரு அங்குலமாக.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"சரி. நாளைக்கு உனக்கு உட்காரும் நாள். ஓடுறவங்க காலை நீதான் அழுத்துற."

நோட்டையும் பேனாவையும் கொடுத்தாள்.

⁂

ஆற்றில் இரண்டு அணிகள். ஓர் அணி ஓடும் நாளில் மற்றது கரையில் உட்காரும். ஓடுவதற்கு முன்னால், உட்காரும் அணியில் ஒருவன் ஓடும் பதினைந்து பேரின் கால் எலும்பையும் அழுத்திப் பார்ப்பான். வலி இருப்பவன் பெயரை எழுதுவான். பிறகு எழுந்து நின்று, எல்லோர் முன்னிலையிலும் படிப்பான்.

படிக்கப்பட்டவன் இருபத்தொரு நாள் ஓடக் கூடாது.

"நம்பர் போட்டா போதாதாக்கா?"

"நம்பர் அங்க. இங்க பேரு, அப்பா பேரு, வயசு. சத்தமாப் படி."

மறுநாள் விடியற்காலையில் பதினைந்து பேரும் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"உனக்கு?"

"மெதுவாப்பா. இது காலு. புளி கரைக்கிற."

வரிசையே சிரித்தது. இளம்பரிதி எழுந்து, "யாரும் இல்ல," என்றான்.

"அவ்வளவுதானா?" என்று பொற்கொடி கேட்டாள். அழுத்துகிறவன் யாரானாலும் தினமும் அவள் கேட்கிற கேள்வி அது.

"அவ்வளவுதான்க்கா."

பதினைந்து பேரும் ஓடினார்கள். கரையில் தன் பக்கத்தில் அவனை உட்காரவைத்துக்கொண்டாள்.

"கேட்கும்போது எங்க பார்த்த?"

"மூஞ்சிய."

"இனிமே கால் பெருவிரலைப் பாரு."

⁂

அதற்கு அடுத்த உட்காரும் நாளில் இளம்பரிதி முகங்களைப் பார்க்கவில்லை.

ஏழாவதாக இருந்தவன் தாடி வைத்தவன். நல்ல ஓட்டக்காரன். எலும்பின் நடுவில், ஒரு ரூபாய் அளவுள்ள இடத்தில் கட்டைவிரல் பட்டது. "வலியா? எனக்கா?" என்று அவன் சிரித்தான். அவன் காலின் பெருவிரல் மட்டும் உள்ளே மடங்கியது.

இளம்பரிதி எழுதினான். படித்தான்.

தாடிக்காரன் எழுந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தான். தன் பெயரை ஒரு முறை தொட்டான். பிறகு கரைக்குப் போய்த் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

இளம்பரிதி தன் கால் எலும்பைத் தடவிப் பார்த்தான். நோட்டைக் கொடுத்த அன்று தன் காலை அழுத்தும்போது பொற்கொடி குனிந்தே இருந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் ஓட்டம் முடிந்ததும் அவளிடம் போனான்.

"அக்கா, அன்னைக்கு என் காலை அழுத்தினீங்களே."

"ஆமா."

"எங்க பார்த்தீங்க?"

"உன்னை எங்க பார்க்கச் சொன்னேனோ அங்க."

"அப்ப ஏன் எழுதல?"

"நான் எழுதினா நீ வேற ஆத்துல போய் ஓடுவ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வலதுகால் பேண்ட்டை முட்டிவரைக்கும் சுருட்டினாள். எலும்பின்மேல் ஓர் இடம் புடைத்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் ரெண்டு வாட்டி கேட்டாரு. ரெண்டு வாட்டியும் இல்லன்னேன். ஞாயித்துக்கிழமை ஓய்வு. எல்லாரும் துணி துவைப்பாங்க. நான் கொட்டகைக்குப் பின்னாடி ஓடுவேன். பதினோராவது வாரம் மைதானத்துல நடந்துக்கிட்டிருந்தேன். ஓடக்கூட இல்ல. நடந்துக்கிட்டுத்தான் இருந்தேன். சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"பக்கத்துல வந்தவ, யாரு குச்சிய ஒடிச்சதுன்னு திரும்பிப் பார்த்தா."

⁂

அவளிடம் அவன் சொல்லாதது ஒன்று இருந்தது.

உட்காரும் நாட்களில் சாயங்காலம் இளம்பரிதி பைபாஸ் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தான். தனியாக இல்லை. லோகுவும் ஓடினான்.

லோகு மற்ற அணிக்காரன். பதினெட்டு வயது. இளம்பரிதி வலப்பக்கம் துப்பினால் அவனும் வலப்பக்கம் துப்புவான். "உட்கார்ந்தவன் எவன்டா கயித்தைத் தாண்டினான்?" என்று இளம்பரிதி ஒரு நாள் கேட்டான். அன்றிலிருந்து லோகுவும் எல்லாச் சாயங்காலமும் வந்தான்.

இளம்பரிதியின் அணி ஓடும் நாளில் அவன் காலை அழுத்துகிறவன் லோகுதான். அவன் மெதுவாக அழுத்துவான். விரல் எலும்பில் படுவதுகூடத் தெரியாது. "யாரும் இல்லக்கா," என்பான்.

பொற்கொடியின் காலைப் பார்த்த மறுநாள் சாயங்காலம் இளம்பரிதி ரோட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தான். வீட்டில் உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் எதிரே அது வந்து குந்தியது. மற்ற ஊர்ப் பையன்களின் காலடிச் சத்தம் காதில் கேட்டது. நூறு பேர், இருநூறு பேர். எல்லோரும் அவனுக்கு முன்னால்.

எழுந்து ஷூவை மாட்டினான்.

ரோட்டில் லோகு ஏற்கனவே நின்றுகொண்டிருந்தான். இருவரும் ஓடினார்கள். லாரிகள் உரசிக்கொண்டு போயின. மூன்றாவது மைல்கல்லில் லோகு உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா?"

"லேஸ் அவுந்துபோச்சுண்ணே."

லேஸ் அவிழவில்லை.

"வலிக்குதா?"

"இல்லண்ணே."

ஷூ போட்டிருந்தான். பெருவிரல் தெரியவில்லை. தெரியாததில் இளம்பரிதிக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து, திரும்பி ஓடும் வழியெல்லாம் அவன் லோகுவின் பக்கம் திரும்பவில்லை.

⁂

முகாமுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. இளம்பரிதிக்கு உட்காரும் நாள்.

பதினைந்து பேர் காலை நீட்டினார்கள். தாடிக்காரன் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் இருந்தான். லோகு கடைசியில்.

பதினான்கு பேரின் காலை அழுத்தினான். விரல்கள் அசையவில்லை.

லோகுவின் காலில் கட்டைவிரலை வைத்தான். அழுத்தவில்லை. வைத்ததற்கே பெருவிரல் மடங்கியது. மற்ற விரல்களும் சேர்ந்து மடங்கின.

லோகு குனிந்து அவன் காதருகே பேசினான். "எழுதாதண்ணே."

இளம்பரிதி கையை எடுக்கவில்லை.

"உன் காலை நான் மெதுவாத்தானே அழுத்துறேன்," என்றான் லோகு.

மிரட்டவில்லை. அப்படிப் பேச அவனுக்குத் தெரியாது. நடந்ததைச் சொன்னான். அவ்வளவுதான்.

"வலிக்குதா?" என்று இளம்பரிதி கேட்டான்.

"இல்லண்ணே. நீ ஓடச் சொன்னதிலேருந்து நல்லா இருக்கேண்ணே."

இளம்பரிதி நோட்டைத் திறந்தான். விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினான்.

எழுந்து நின்றான். ஓடுகிறவர்கள் பதினைந்து பேர் தரையில் இருந்தார்கள். உட்காருகிறவர்கள் கரையில் இருந்தார்கள். தாடிக்காரன் துண்டை விலக்கிப் பார்த்தான். பொற்கொடி கையில் விசில் இருந்தது.

"லோகநாதன். தந்தை பெயர் சின்னராசு. வயது பதினெட்டு."

லோகு இளம்பரிதியைக் காட்டவில்லை. பைபாஸ் ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலை மடக்கிக்கொண்டு, முட்டியைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தான்.

"அவ்வளவுதானா?" என்று பொற்கொடி கேட்டாள்.

அவ்வளவுதான் என்றால் விசில் ஊதிவிடுவாள். நாளைக்கு இளம்பரிதி ஓடலாம். இனிமேல் அவன் காலை அழுத்த வேறொருவன் வருவான். அவனையும் சரிக்கட்டலாம். பத்தொன்பது நாள்தான். இருபத்தொரு நாள் உட்கார்ந்தால் முகாம் முடிந்து கூடாரத்தைக்கூடப் பிரித்திருப்பார்கள்.

"அவ்வளவுதானாடா?"

இளம்பரிதி நோட்டைத் தொடையில் வைத்து, நின்றபடியே இன்னொரு வரி எழுதினான். எழுதியதை ஒரு முறை மனதுக்குள் படித்தான்.

பிறகு நோட்டை உயர்த்திப் பிடித்தான்.

முப்பது பேரும் கேட்டார்கள்.

"இளம்பரிதி. தந்தை பெயர் ஏகாம்பரம். வயது இருபது."