ஒரு முறம் தவிடு

“ஏழு தலைமுறை எழுத எத்தனை நாள் ஆகும், டீச்சர்?”

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் பாண்டியன். பெங்களூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அதை மகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

டீச்சருக்கு முப்பத்துநான்கு. பெயர் ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவிலில் ஒரு தையல்கடையின் மாடியில் இருந்தார். தங்கள் முன்னோரைத் தேடி வருகிறவர்களுக்கு எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுப்பார். அவராகத் தேடித் தரமாட்டார்.

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

“கீழே உங்க பேர். அதுக்கு மேல அப்பா, அம்மா. அதுக்கும் மேல அவங்களோட அப்பா, அம்மா. தெரிஞ்ச வரைக்கும் எழுதிட்டு வாங்க, அண்ணாச்சி.”

“தெரியாத இடத்துல?”

“காலியா விடுங்க. அதுதான் நல்ல இடம்.”

பாண்டியன் நான்கு நாள் கழித்து வந்தார். தாள் நிரம்பி வழிந்தது. இடம் போதாமல் இன்னொரு தாளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்.

“எங்க பிடிச்சீங்க இவ்வளவையும்?”

“பழைய கல்யாணப் பத்திரிகை முப்பத்தெட்டு. ஒரு கிரயப் பத்திரம். குலதெய்வம் கோயில் சுவத்துல ஒரு கல்லு.”

டீச்சர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டார். தாளின் அடியில் விரல் நின்றது.

அங்கே அப்பாவின் பெயர், சங்கரலிங்கம். பக்கத்தில் அம்மா. அவர்களிடமிருந்து ஒரு கோடு இறங்கித் தம்பியின் பெயரில் முடிந்தது. பாண்டியனின் பெயர் தனியாகக் கிடந்தது.

“தம்பிக்குக் கோடு இருக்கு. உங்களுக்கு?”

“மை தீர்ந்துடுச்சு.”

டீச்சர் தன் பேனாவைக் கொடுத்தார்.

பாண்டியன் வாங்கினார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். கீழே தையல் மிஷின் ஓடி, நின்றது.

“போட முடியல, டீச்சர்.”

டீச்சர் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

“அப்பா காரியத்தன்னைக்கு, பதினாறாம் நாள்,” என்றார் பாண்டியன். “மூத்தவன்னு நான் போய் உட்காரப் போனேன். பெரியப்பா மகன் சுடலை, எனக்கு அண்ணன் முறை, எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டான். ‘தவிட்டுக்கு வாங்கின பய, நீ என்னல மூத்தவன்?’”

“எல்லா வீட்டுலயும் பிள்ளைங்களை அப்படிக் கேலி பண்றதுதானே?”

“நானே என் மகளைச் சொல்லியிருக்கேன். ஆனா அவன் சொன்னது கேலி இல்ல. ‘நம்ம ஊர் புளியடிப்பட்டியில, சிவனம்மா வீட்டு வாசல்ல, சித்தி ஒரு முறம் தவிட்டைக் குடுத்து உன்னை வாங்கினதை இந்தக் கண்ணால பார்த்தேன்’னான்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“அம்மா அப்பாவுக்கு முந்தியே போயிட்டாங்க. கேட்க ஆள் இல்ல.”

பேனாவை மேசைமேல் வைத்தார்.

“ஏழு தலைமுறையெல்லாம் சும்மா, டீச்சர். நான் யார் பிள்ளைன்னு தெரியணும். அவ்வளவுதான்.”

டீச்சர் ஜன்னலருகே போனார். கீழே குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார். டீ வந்தது. குடித்தார்கள்.

“சுடலை அண்ணாச்சிக்கு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல.”

“அவன்கூடப் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அப்ப பேச நிறைய இருக்கும்.”

மூன்றாவது மணியில் எடுத்தார் சுடலை.

“ஏல பாண்டி! இருக்கியா, போயிட்டியா? ரெண்டு வருஷமா ஒரு போனைக் காணோம்!”

“நீ அன்னைக்குச் சொன்னியே, தவிடு. அதைக் கேட்கத்தான்.”

“அட, ஊத்திக்கிட்டு உளறினதை இன்னுமால தூக்கிச் சுமக்க?”

“அப்ப பொய்யா?”

அந்தப் பக்கம் சுடலை செருமினார்.

“பொய் இல்லல. சொல்லியிருக்கக் கூடாது. ஆனா பார்த்தது நெசம்.”

டீச்சர் ஒரு துண்டுத் தாளில் எழுதி நகர்த்தினார். பாண்டியன் அதைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப உனக்கு என்ன வயசு?”

“எட்டு.”

இரண்டாவது துண்டு வந்தது.

“அதுக்கு முன்னால என்ன பார்த்த?”

“முன்னாலயா? பள்ளிக்கூடத்துல இருந்தேன். மத்தியானம் கஞ்சி குடிக்க வந்தப்பதான் பார்த்தேன். சித்தி முறத்தை நீட்டுனா. சிவனம்மா உன்னை நீட்டுனா. அவ்வளவுதான்.”

மூன்றாவது துண்டு.

“அப்புறம் ஊர்ல யாரையாவது விசாரிச்சியா?”

“எங்க விசாரிக்க? அந்த வருஷமே நம்ம ரெண்டு வீடும் பெங்களூருக்கு ரயில் ஏறியாச்சு. ஏல, யாரு பக்கத்துல? யாரோ எழுதிக் குடுத்து நீ வாசிக்கிற மாதிரியே இருக்கு.”

பாண்டியன் போனை வைத்தார்.

“கேட்டீங்களா? நெசம்னு சொல்றான்.”

டீச்சர் பாண்டியனின் தாளை எடுத்தார். அதன் மேல்பாதியைக் கையால் மறைத்து அவர் முன் பிடித்தார்.

“படிங்க.”

“பாதிதானே தெரியுது.”

“ஆமா.”

பாண்டியன் டீச்சரின் முகத்தையே பார்த்தார். “உங்களுக்கு ஏதோ தெரியுது. சொல்லிடலாமே. நான் கிழவன். என்னை அலைய விடுறீங்க.”

“எனக்குத் தெரிஞ்சது ஊர் வழக்கம், அண்ணாச்சி. உங்க வீட்டுல நடந்தது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன். உங்களையும் எழுத விட மாட்டேன்.”

மறுநாள் பழைய பதிவேடுகளைப் பார்க்க ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். டீச்சர் சொல்லச் சொல்ல பாண்டியன் எழுதினார். பாதியில் நிறுத்தினார்.

“நான் பிறந்தது அறுபத்துமூணு. நீங்க அப்பா கல்யாண வருஷம் ஐம்பத்தேழுல இருந்து கேட்குறீங்க.”

“ஆமா.”

“அதுவும் இறப்புப் பதிவேடு.”

“ஆமா.”

“நான் இன்னும் சாகலையே, டீச்சர்.”

“அவசரம் ஒண்ணும் இல்ல. எழுதுங்க.”

பதினோரு நாள் கழித்து அனுமதி வந்தது.

பதிவேட்டு அறையில் ஒரே ஒரு மின்விசிறி. அது தாள்களைப் பறக்கவிடும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அறையைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணியம்மாள், புளியடிப்பட்டியின் பதிவேட்டைத் தூசி தட்டி மேசையில் வைத்தார். ஓரங்கள் அப்பளம்போல் உடைந்தன.

டீச்சர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

“நீங்களே படிங்க. சத்தமா.”

பாண்டியன் வரிவரியாகப் படித்தார். காய்ச்சல். பாம்புக்கடி. கிணற்றில் விழுந்தது. முதுமை. தெரியாத பெயர்கள், தெரியாத வீடுகள். ஒரு மணி நேரம் போனது.

“ஐம்பத்தெட்டு. பெண். மூணு மாசம். தகப்பன் பெயர் சங்கரலிங்கம், மேலத்தெரு.” தலைநிமிர்ந்தார். “எங்க அப்பா பேர்லயே இன்னொருத்தர் இருந்திருக்கார் போல.”

“மேல படிங்க.”

“அறுபது. ஆண். பதினொரு நாள். தகப்பன் பெயர் சங்கரலிங்கம், மேலத்தெரு.”

குரல் தணிந்தது. பக்கங்களை மெதுவாகப் புரட்டினார்.

“அறுபத்தொண்ணு. ஆண். ரெண்டு நாள். பெயர் வைக்கவில்லை.”

அதற்கு மேல் படிக்கவில்லை. தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. கடைசி ‘ம்’மின் புள்ளியைச் சின்ன வட்டமாகச் சுழித்த கையெழுத்து. பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைகளில் வருஷா வருஷம் அவர் பார்த்த சுழி.

“அப்பாதான்,” என்றார்.

அந்தோணியம்மாள் எட்டிப் பார்த்தார். “மூணும் ஒரே வீடா? ஐயோ, அந்தத் தாய். அப்புறம் ஒண்ணாவது தங்குச்சா?”

“நான்.”

“உங்க பேரு?”

“பாண்டியன்.”

“அது ஆபீஸ்ல எழுதற பேரு. வீட்டுல வெச்சது?”

பாண்டியன் டீச்சரைப் பார்க்காமல் சொன்னார்.

“பிச்சைப்பாண்டி. பெங்களூர்ல எல்லாரும் சிரிச்சாங்க. முன்பாதியை வெட்டிட்டேன்.”

“பின்ன வேற என்ன வைப்பாங்க? எங்க வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானப் பேரு சவரிமுத்து. இன்னைக்கு வரைக்கும் ஊரே கூப்பிடுறது குப்பைன்னுதான். அவருக்கு முந்தி நாலு போயிடுச்சாம். பிறந்ததும் குப்பைமேட்டுல போட்டிருக்காங்க. அடுத்த வீட்டுக்காரி எடுத்துட்டுப் போயிருக்கா. கொஞ்ச நாள் கழிச்சு எங்க மாமியார் போய், தவிட்டைக் குடுத்துத் திரும்ப வாங்கிட்டு வந்திருக்காங்க. இது அடுத்தவ பெத்தது, வேண்டாத பிள்ளை, குப்பைன்னு எமன் திரும்பிப் பார்க்காம போயிடுவானாம்.”

“போயிட்டானா?” என்றார் பாண்டியன்.

“எங்க வீட்டுக்காரருக்கு அறுபத்தெட்டாச்சு. எமன் போயிட்டான். இவர்தான் தினமும் என் உசுரை எடுக்குறாரு.”

பாண்டியன் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ ஆனது. கைக்குட்டையைத் தேடினார்.

வெளியே வந்ததும் டீச்சர் பேனாவை நீட்டினார்.

பாண்டியன் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது அவங்க வீட்டுக் கதை. எங்க வீட்டுலயும் இப்படித்தான் நடந்துச்சுன்னு அந்தப் பதிவேட்டுல எழுதலையே.”

டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார்.

“அப்ப யாரைக் கேட்கணும்?”

“வித்தவங்களை.”

புளியடிப்பட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று மினிபஸ். அவர்கள் இரண்டாவதில் போனார்கள். டீக்கடையில் விசாரித்தார்கள். சிவனம்மா இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. மகள் மாடத்தி மட்டும் அதே வீட்டில் இருந்தார். எழுபத்திரண்டு வயது. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

டீச்சர் வேலிப்பக்கம் நின்றுவிட்டார். பாண்டியன் தனியாகப் போனார்.

“யாரு?” கை நிற்கவில்லை.

“மேலத்தெரு சங்கரலிங்கம் மகன்.”

“எந்த மகன்?”

“மூத்த...” பாண்டியன் நிறுத்தினார். “நாலாவது.”

பீடி சுற்றிய கை நின்றது.

“பிச்சையா? ஏ ஐயா, கிட்ட வா. பார்க்கட்டும்.” மாடத்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “அன்னைக்கும் மொட்டைத்தலை. இன்னைக்கும் மொட்டைத்தலை.”

பாண்டியன் படியில் உட்கார்ந்தார்.

“அக்கா, என்னை உங்க வீட்டுல இருந்துதான் வாங்கினாங்களாமே?”

“ஆமா, வாங்கினாக! உங்கம்மா அந்தா, அந்தக் குப்பைமேட்டுல போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம போனா. எங்கம்மா எடுத்துட்டு வந்தா. தொட்டில் ஆட்டினது நான்தான். பதினாறு நாள் எங்க வீட்டுப் பிள்ளைன்னு பேச்சு.”

“பதினாறு நாள் இருந்தேனா?”

“எங்க இருந்த? உங்கம்மா விட்டாத்தானே! பால் குடுக்கேன்னு வருவா, எந்திரிச்சுப் போக மாட்டா. எங்கம்மா பிடிச்சுத் தள்ளாத குறை. மூணாம் நாள், நல்ல உச்சி வெயிலு, முறத்துல தவிட்டை அள்ளிக்கிட்டு வந்து இந்த வாசல்ல நின்னுட்டா.”

வேலியோரம் டீச்சர் அசையாமல் நின்றிருந்தார்.

“குடுத்துட்டாங்களா?”

“உடனே எப்படிக் குடுப்பாக? அதுக்கு ஒரு முறை இருக்குல்லா. வாங்க வந்தவ, ‘உன் பிள்ளையை எனக்கு விலைக்குக் குடு’ன்னு கேக்கணும். எமன் காதுல விழுற மாதிரி சத்தமாக் கேக்கணும். அப்பத்தானே அவன் அடுத்தவ பிள்ளைன்னு நம்புவான்? எங்கம்மா பக்கத்துல நின்னு ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லிக் குடுத்தா.”

“அம்மா கேட்டாங்களா?”

“கேட்டா, கேட்டா. எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டா. மூணு தடவை சொல்லிக் குடுத்தும், மூணு தடவையும் உங்கம்மா ஒண்ணேதான் கேட்டா.”

“என்னன்னு?”

“‘எம்பிள்ளையக் குடு.’”