பிரதானியார் வயலுக்கு வந்த தீவட்டி

இது பார்த்தவர் சொன்ன கதை அல்ல; கேட்டவர் சொல்லக் கேட்டது. ஊர்ப் பெயரில்கூடச் சந்தேகம் உண்டு. நடந்ததில் சந்தேகமே இல்லை என்று சொன்னவர் சாதித்தார்.

வெண்ணாறை என்ற சின்ன நாட்டில் அந்த வருஷம் நெல்லில் பூச்சி விழுந்தது. ராஜா கொழுந்தப்பர் சபையைக் கூட்டினார். பிரதானி சங்கரநயினார் கையோடு ஒரு பானை கொண்டுவந்திருந்தார்.

"மகாராஜா, ஏரிக்கரைப் புதரில் ஒரே ஒரு செடியை உலுக்கினேன். சிலந்தி, பொறிவண்டு என்று இருபத்திரண்டு வகைப் பூச்சி விழுந்தது. நாட்டுக்குப் பூச்சியை அனுப்புகிற இடம் அதுதான். கொளுத்திவிட்டால் தீர்ந்தது."

கொளுத்திய இடத்தில் தென்னை வைக்க அவர் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தது ராஜாவுக்குத் தெரியாது.

புதரை ஒட்டி வயல் வைத்திருந்த மாடத்தி சபை ஓரத்தில் நின்றாள். "சாமி, புதர் போனா என் வெள்ளாமையும் போச்சு. வயலுக்குக் காவலே அங்கேதான் இருக்கு."

"பூச்சி காவல் காக்குமாம்," என்றார் பிரதானி.

சபை சிரித்தது. அங்கே விகடம் பேசிப் பிழைக்கும் கூத்தப்பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. அது பிரதானியின் கண்ணில் பட்டுவிட்டது.

"இந்த வேலையை இவரிடமே கொடுங்கள், மகாராஜா. எத்தனை நாளைக்குத்தான் வாயை மட்டும் வைத்துச் சாப்பிடுவார்?"

"சரிதான்," என்றார் ராஜா. "நாளைப் பொழுது சாய்வதற்குள் முடிக்காவிட்டால் சபைப் பக்கம் வராதே."

சபையை விட்டால் கூத்தப்பெருமாளுக்கு வேறு பிழைப்பில்லை. கொளுத்தினால் அந்தப் பெண்ணுக்குச் சோறில்லை. எதையும் முகத்தில் காட்டாமல் கும்பிட்டார்.

"ஒரு புதரோடு ஏன் நிறுத்த வேண்டும்? 'நெல்லைத் தின்னும் பூச்சி எந்த இடத்தில் அதிகமோ, அந்த இடத்தைக் கொளுத்துக. யாருடையதானாலும் சரி' என்று எழுதிக் கொடுங்கள்."

பிரதானிக்கு வாயெல்லாம் பல். ஓலையைத் தானே எழுதி, ராஜ முத்திரையும் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் பூச்சியைத் தட்டிப் பார்க்க, மாடத்தி முறத்தில் வெள்ளைத் துணி விரித்து வயலுக்குக் கொண்டுவந்தாள். கூத்தப்பெருமாள் வரப்பிலேயே நின்றார்.

"பூச்சி வரப்புக்கு வந்து பேர் சொல்லாது ஐயா. இறங்குங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் புதரை உலுக்கினார்கள். பொறிவண்டு, கும்பிடுபூச்சி, சிலந்தி, எறும்பு, வெட்டுக்கிளி. வகை ஏராளம், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டுதான்.

"இதில் நெல்லைத் தின்பது எது?"

"இந்த ரெண்டு. மத்ததுல பாதி, நெல்லுப் பூச்சியையே புடிச்சுத் தின்னும்."

அவள் வயலில் ஒரு நெல் தூரைத் தட்டினார்கள். நெல்லைத் தின்கிற தத்துப்பூச்சி நாலைந்து, கூடவே இரண்டு சிலந்தி. அடுத்த வயலின் வரப்பு, ஒரு புல் இல்லாமல் மழித்த தலை மாதிரி இருந்தது. அங்கே ஒரு தூரைத் தட்டியதும் வெள்ளைத் துணி பழுப்பாகிவிட்டது. அத்தனையும் ஒரே வகைத் தத்துப்பூச்சி.

"எண்ண முடியுமா?"

"எண்ணி முடிக்கிறதுக்குள்ள அறுப்பு வந்துரும்."

"யார் வயல் இது?"

மாடத்தி சொன்னாள். முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த கூத்தப்பெருமாளுக்கு அப்போதுதான் பசித்தது.

மத்தியானம் நாலு தீவட்டிகளோடு அந்த வரப்பில் போய் நின்றார். செய்தி கேட்டுச் சங்கரநயினார் ஓடிவந்தார். ஒரு செருப்பு சேற்றில் போயிற்று. பின்னாலேயே ராஜாவும் வந்தார்.

"கதிர் வாங்கிய என் வயல், கூத்தப்பெருமாளே."

"எழுத்து உங்களுடையது, பிரதானியாரே. முத்திரை மகாராஜாவுடையது."

ராஜா முறத்தை வாங்கி, தானே தட்டிப் பார்த்தார். மாடத்தியின் வயலிலும் தட்டினார். துணியில் ஒரு சிலந்தி தத்துப்பூச்சியைக் கவ்விக்கொண்டிருந்தது. அதைப் பிரதானியிடம் நீட்டினார்.

"ஓலைப்படி கொளுத்த வேண்டியதுதானே?"

பிரதானி கைகூப்பினார். "வேண்டாம் மகாராஜா. அந்தச் சிலந்தி மாதிரி நாலு வந்தால் என் வயலும் பிழைத்துக்கொள்ளும்."

"எங்கிருந்து வரும்?" என்றார் கூத்தப்பெருமாள்.

பிரதானி தலையைத் தூக்காமல் ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் புதரிலிருந்துதான்."

ராஜா சிரித்த சிரிப்பில் ஏரிக் கொக்குகள் எழுந்து பறந்தன. ஓலையைத் தீவட்டியில் காட்டி எரித்தார். தோளில் கிடந்த சால்வை கூத்தப்பெருமாளுக்குப் போயிற்று. புதர் மாடத்தியின் பொறுப்பில் நின்றது.

இதில் ஒன்றை மட்டும் பின்னால் சரிபார்க்க முடிந்தது. பூச்சிக்குக் கால் ஆறு, சிலந்திக்கு எட்டு. சிலந்தி பூச்சியே அல்ல. ஆகவே பிரதானியார் பானையில் இருந்தவை இருபத்தொரு வகைதான்.