மஞ்சள் துண்டு

மலையடிவாரத்து மடத்தில் எண்ணூறு வைத்தியச் சுவடிகள் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று சடையப்பன் ஒரு வருஷம் பாடுபட்டுச் சுவரில் எழுதி வைத்தான். வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், தாங்களே எடுத்துப் படிப்பார்கள்.

அம்மை வார்த்துக் கண் போன மருத்துவச்சி ஒருத்தி வந்தாள். பேர் அஞ்சலை. எழுத்தாணி கீறிய தடத்தை விரலால் தடவியே ஏட்டைப் படித்துவிடுவாள். சுவரில் எழுதியதை என்ன செய்வாள்?

அவள் மகளுக்குப் பிரசவமாகி மூன்று மாதம். அன்றிலிருந்து சிறுநீர் நிற்கவில்லை. தெரிந்தால் புருஷன் வீட்டில் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். துணியைத் துவைத்துத் துவைத்து ஒளித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

"என்ன வியாதிக்கும்மா? சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்" என்றான் சடையப்பன்.

சுவடிக் கூடத்தில் பத்து ஆம்பிளைகள். அதில் ஒரு குரல் சம்பந்தி ஊர்க்காரருடையது.

"ஒண்ணுமில்ல சாமி" என்று போய்விட்டாள். அடுத்தடுத்து மூன்று நாள் வந்தும் அப்படியே.

சடையப்பன் குருவிடம் போனான். "நான் அவளுக்குக் கண்ணா நிக்கிறேன் சாமி. வாயத் திறக்க மாட்டேங்கிறா."

மத்தியானம் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்தபின் குரு கேட்டார்.

"சடையப்பா, போன மாசம் யாரும் இல்லாத நேரம் ஒரு சுவடி எடுத்துப் படிச்சியே. என்ன வியாதிக்கு?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சத்தமா சொல்லுப்பா. நம்மாளுங்கதானே."

"அப்ப அண்ணன் உட்கார முடியாம நின்னுக்கிட்டே சாப்பிட்டாரே, அதுக்கா சாமி?" என்றான் பரிமாறுகிறவன். பந்தி சிரித்தது.

சடையப்பன் இலையை மூடிவிட்டு எழுந்தான்.

பத்து நாள் கூடத்தைவிட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொரு சுவடிக் கயிற்றிலும் நோய்க்கு ஒன்றாக ஒரு பொருளைக் கட்டினான். காய்ச்சலுக்கு வேப்பங்குச்சி. பிள்ளை நோய்க்கு வசம்பு. பெண்கள் நோய்க்கு மஞ்சள் துண்டு. பிறகு அஞ்சலைக்குச் சொல்லியனுப்பினான்: "இன்னதுக்கு இன்னது. தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க. யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க."

அஞ்சலை வந்தாள். சடையப்பன் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அவள் கை சுவடிகள் மேல் நகர்ந்தது, மஞ்சளில் நின்றது. பொழுது சாயும்வரை படித்தாள். ஒரே ஒரு வரியை மட்டும் மூன்று தடவை தடவினாள். எழுந்து போனாள்.

"சாமி, தேடினது கிடைச்சுதான்னு தெரியலையே. எதை எடுத்தாள்னும் தெரியலை" என்றான் சடையப்பன் குருவிடம்.

"சுவடியைத் திரும்பக் கட்டி வச்சாளா?"

"வச்சா."

"நமக்கு அது போதும்."