அரோவானாவுக்கு ஒரு துணை

கடம்பன்குளத்தில் மூளை வழங்கிய நாளில் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர்: பொன்னுலிங்கம், அய்யாக்கண்ணு, குணசீலன். கடைக்குட்டி குணசீலனுக்கு நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், பஜ்ஜி தின்பார்கள், "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போவார்கள். பாவம், இன்றுவரை கலந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை வேலாயுதம் என்பவர் தன் மகளுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. இதுவும் கைநழுவினால் இந்த ஜென்மத்தில் தனக்குக் கல்யாணமே இல்லை என்று குணசீலன் கலங்கிப்போனான்.

"நம்ம வீட்டுல கெத்தா ஒண்ணும் இல்லலே, அதான்," என்றான் மூத்தவன் பொன்னுலிங்கம். "பெரிய இடத்துல எல்லாம் அரோவானா மீன் வளக்காங்க. நாமளும் வாங்குவோம்."

வாங்கினார்கள். கை நீளத்துக்கு மீன், தாடையில் இரண்டு மீசை, யாரையும் மதிக்காத முகம். அதற்கு ஆள் படுக்கிற நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கொண்டுவந்து இறக்கிய கடைக்காரர் சொன்னார்: "வாராவாரம் பாதித் தண்ணிய மாத்துங்க. தனியா கிடந்தா முரடாயிரும், துணைக்கு ஒண்ண விடுங்க. ஆனா அது வாய்க்குள்ள நுழையாததா இருக்கணும். நுழைஞ்சா முழுங்கிரும்."

நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவானேன் என்று அன்றைக்கே தண்ணீர் மாற்ற உட்கார்ந்தார்கள். எந்தப் பாதியை மாற்றுவது என்பதில்தான் சிக்கல்.

"மேல்பாதி தெளிவா இருக்குண்ணே. அழுக்கெல்லாம் கீழ்ப்பாதியிலதான்," என்றான் நடுவுள்ள அய்யாக்கண்ணு.

எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. மேல்பாதியைப் பத்திரமாக அண்டாவில் எடுத்து வைத்து, கீழ்ப்பாதியைச் சாக்கடையில் கொட்டினார்கள். பிறகு அடியில் புதுத் தண்ணீரை விட்டு, அதன்மேல் பழையதைக் கலந்துவிடாமல் மெள்ள ஊற்றினார்கள். அதுவரை மீன் குளியலறை வாளிக்குள் வளைந்து கிடந்து முறைத்தது.

அடுத்து, துணை. கெண்டைக் குஞ்சுகளை விட்டார்கள். ஒரே விழுங்கு.

"நுழையுது," என்று பொன்னுலிங்கம் தீர்ப்புச் சொன்னான்.

அம்மிக்கல் நுழையவில்லை. ஆனால் அதற்கு உயிர் இல்லாததால் துணையாகக் கணக்கில் வராது என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டு ஆட்டைக் கூட்டிவந்தார்கள். ஆட்டுக்கு இவர்களைவிட விவரம் அதிகம். தொட்டியைப் பார்த்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் மீன் கண்ணாடியில் மடேர் மடேரென்று முட்டியது.

"முரடாயிருச்சுண்ணே," என்றான் அய்யாக்கண்ணு.

அண்ணன்கள் இருவரும் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இவன் தலை மீன் வாய்க்குள்ள நுழையாது," என்றான் பொன்னுலிங்கம். "பயலும் தனியாத்தான கிடக்கான். ரெண்டு பேருக்கும் துணையாச்சு."

"அண்ணே, இன்னைக்கு என்னையப் பாக்க வாராங்கண்ணே!"

"கண்ணாடித் தொட்டிதானலே. நல்லாவே தெரியும்."

குணசீலனுக்கு இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டு வேட்டி சட்டையோடு இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தான்.

வேலாயுதம் வந்தார். அவரும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

"மாப்பிள்ளை எங்க?"

"தொட்டிக்குள்ள பாருங்க மாமா."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வேலாயுதம் குனிந்து பார்த்தார். உள்ளே ஒன்று உதடு வெளுத்து, பல் தந்தியடிக்க இளித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று அசையாமல் நின்றது.

"மீசை எடுப்பா இருக்கு. அலட்டல் இல்ல. வந்ததுல இருந்து நகை எவ்வளவு, வண்டி உண்டான்னு வாயத் திறக்கல. இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ளை எங்க கிடைக்கும்? எங்களுக்குப் பரிபூரண சம்மதம்," என்றார். "ஆமா, பக்கத்துல நடுங்குறது யாரு?"

அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் முறையாக ஒரு பெண் வீட்டார் இந்த வீட்டில் சம்மதம் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் போய்ச் சின்ன விஷயத்தையெல்லாம் பெரிதுபடுத்தலாமா?

"அது சும்மா துணைக்கு விட்டது மாமா," என்றான் பொன்னுலிங்கம்.

அங்கேயே தட்டு மாற்றினார்கள். குணசீலனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மாமா, நான்தான்..." என்று எழுந்தான்.

அய்யாக்கண்ணு பாய்ந்துபோய் அவன் தலையைப் பிடித்து அமுக்கினான்.

"உக்காருலே! நல்ல நேரத்துல மாப்பிள்ளைய மிரட்டிக்கிட்டு!"