இடது சக்கரத்துப் பால் ஜாயிண்ட்

கொல்லிமலை அடிவாரத்தில் அருளாயி அம்மாவுக்கு ஒரு சின்ன மடம் இருந்தது. வருகிறவர்களுக்கு ஒருவேளைச் சோறு. மலைமேல் யாருக்காவது முடியாமல் போனால் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஒரு பிக்கப் வண்டி. மடத்தின் சொத்து அவ்வளவுதான்.

அந்த வண்டியை ஒன்பது வருஷமாக ஓட்டியவர் நாச்சிமுத்து. அம்மாவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஆனாலும் அம்மாவிடம்தான் உபதேசம் வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் அவர் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். அம்மா சாம்பல் போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இனி என்னால முடியாதுங்க தாயி.”

“உடம்புக்கா?”

“மனசுக்குங்க.”

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. நாச்சிமுத்துவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

“எத்தனை பேரை இந்த எழுபது வளைவுலயும் எறக்கிக் கொண்டாந்திருப்பேன்! வெடியால எந்திரிச்சு வெளக்குப் போடாத நாள் உண்டுங்களா? எம்மவன் கோவிச்சுக்கிட்டுப் போயி ஆறு வருஷமாச்சு. அவன் வீடு வந்து சேரணும்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஒரு போன்கூட இல்லைங்க. சாமி எனக்குன்னு என்னத்தச் செஞ்சுது? ஒண்ணு, ஒரே ஒண்ணு காட்டுங்க. சாவியத் திருப்பி எடுத்துக்கறேன்.”

அம்மா அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

“நேத்து வண்டி உள்ள வந்தப்ப டொக்கு டொக்குனு சத்தம் கேட்டுச்சே, அது என்னதுங்கண்ணா?”

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. நாம் எதைக் கேட்கிறோம், இவர் எதைக் கேட்கிறார்!

“முன்சக்கரத்துப் பால் ஜாயிண்ட்டுங்க, சக்கரத்தைப் புடிச்சிருக்கற இரும்புக் குண்டு. தேஞ்சிருக்கும். ரெண்டு மாசமாவே அப்படித்தான்.”

“புதுசு வாங்கலையா?”

“வாங்கி, சீட்டுக்குப் பின்னாடிதான் கெடக்குது. மாத்த நேரம் எங்கீங்க?”

“இன்னைக்கு மாத்திடுங்க. அடுத்து ஓட்டறவங்க நல்ல வண்டியா ஓட்டட்டும். நீங்க கேட்டதுக்கு அப்பறம் பேசுவோம்.”

“பதில் தெரிஞ்சா இப்பவே சொல்லலாமுங்களே?”

“மாத்திட்டு வாங்கண்ணா.”

நாச்சிமுத்து சாவியை எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தார். வாசலில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் தடித்த மரக்கட்டைகளை அண்டக் கொடுத்தார். இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டிய கை. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அவர் மெக்கானிக்கைத் தேடிப் போனதில்லை.

மனைவி பாவாயி எட்டிப் பார்த்தாள்.

“என்ன, சாவியக் குடுக்கப் போனவரு வண்டியோடவே வந்துட்டாரு?”

“இதை மாத்திட்டுத்தான் குடுக்கோணுமாம். தாயி உத்தரவு.”

“இதையேதான் நான் ரெண்டு மாசமாச் சொன்னேன். என்ர வாயில வந்தா அது உபதேசம் ஆவாது போல!”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகள் செங்கமலம் சிரித்தாள். அவளுக்கு ஒன்பதாம் மாசம். முந்தின நாள்தான் மலைமேல் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து, இதே வண்டியில் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். முன்சீட்டில் அவளும் பாவாயியும். பின்னால் எட்டு உறவுக்காரர்கள், வழியெல்லாம் பாட்டும் கேலியும். அவள் சிரித்தபோது இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்கியது.

நாச்சிமுத்து சத்தம் வந்த இடது சக்கரத்தைக் கழற்றி வைத்தார். குனிந்து பார்த்தார். பால் ஜாயிண்ட்டின் மேல் இருந்த ரப்பர் உறை, சேறு படிந்து, கிழிசல் இல்லாமல் அப்படியே இருந்தது.

“நல்லாத்தான இருக்குது! இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம். அந்தம்மாவுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்.”

வழக்கமாக இதைக் கழற்றுவது லேசான காரியமில்லை. நட்டைத் தளர்த்திவிட்டுப் பக்கவாட்டில் பத்து அடியாவது ஓங்கிப் போட வேண்டும். அதற்காகச் சுத்தியலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, நட்டில் ஸ்பானரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார்.

பொதுக்கென்று ஒரு சத்தம். ரப்பர் கிழிந்தது. கிண்ணத்துக்குள் இறுகி இருக்க வேண்டிய இரும்புப் பந்து தானாகவே நழுவி வெளியே வந்து தொங்கியது.

சுத்தியலைத் தொடவே இல்லை.

நாச்சிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பந்தைப் பிடித்து வைக்கும் விளிம்பு தேய்ந்து தேய்ந்து வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. பாதிக்குமேல் அதுவும் இல்லை. அப்படியானால் சக்கரத்தை இத்தனை நாள் எது பிடித்துக்கொண்டிருந்தது? இந்த ரப்பரா? இந்தச் சேறா?

பந்து கழன்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை கண்ணாலேயே பார்த்திருக்கிறார். சக்கரம் முட்டி ஒடிந்த மாட்டுக் கால் மாதிரி மடங்கும். ஸ்டியரிங் கையில் இருக்கும், வண்டி கையில் இருக்காது.

நேற்று நாற்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் எதிரே பஸ் வந்தது. இவர் ஓரம் கட்டினார். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. டொக். அதற்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாசம். பின்னால் இருந்தவர்கள் ‘ஓஹோ’ என்று கூவினார்கள். பாவாயி மகளின் வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு, “மெதுவாப் போங்க!” என்று திட்டினாள். இவர் சிரித்தார்.

சிரித்தாரே!

“என்னங்க, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு?” என்றாள் பாவாயி.

“அப்பா?” என்று செங்கமலம் எழப் பார்த்தாள். வளையல் மறுபடி குலுங்கியது. அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை.

“உக்காரு கண்ணு. எந்திரிக்காத. ஒண்ணுமில்ல.”

அந்தப் பந்தைத் தட்டி எடுத்தார். செருப்புகூடப் போடாமல், கிரீஸ் கையோடு மடத்துக்கு ஓடினார்.

அம்மா இலை போட்டுக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து கையை விரித்துக் காட்டினார். வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

“கழண்டே கெடந்துருக்குதுங்க தாயி. நேத்து என்னை நம்பிப் பத்து உசுருங்க. எம்புள்ள முன்சீட்டுல. அவ வயித்துல ஒண்ணு.”

அம்மாவின் கையிலிருந்த இலை நழுவி விழுந்தது. பந்தை வாங்கிப் பார்த்தார்.

நாச்சிமுத்து தரையில் விழுந்து கும்பிட்டார்.

“சாமி என்ன செஞ்சுதுன்னு இந்த வாயாலதானுங்க கேட்டேன். காட்டிப் போடுச்சு! சாவி எங்கிட்டயே இருக்கட்டுங்க. இனி ஒரு கேள்வியும் இல்லைங்க. எனக்குச் செஞ்சதெல்லாம் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எல்லாமே தெரிஞ்சு போச்சுங்க தாயி!”

அம்மா குனிந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார். பந்தை மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார்.

“எல்லாமேவா?”

“ஆமாங்க தாயி.”

“வலது பக்கத்தைக் கழட்டிப் பாத்துட்டீங்களாண்ணா?”