மைனாவின் மஞ்சள் கால்

மாடும் மைனாவும் மனிதரும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மைனாவுக்கு நடக்கத் தெரியாது. தரையில் இறங்கினால் சிட்டுக்குருவி மாதிரி இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். அப்போது அதன் காலும் கறுப்பு, அலகும் கறுப்பு.

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மாரப்பன் என்பவர் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி வந்தார். செக்கை இழுக்க ஒரு காளை இருந்தது. அதன் பெயர் மயிலை. மயிலை செக்கைச் சுற்றும். மாரப்பன் செக்கோடு பூட்டிய பாரப் பலகையில் உட்கார்ந்துகொண்டு கூடவே சுற்றுவார். அவர் மனைவி பாவாயி எள்ளை அள்ளிப் போடுவாள்.

கொட்டகைக் கூரையின் சந்தில் ஒரு மைனா குடியிருந்தது. சிந்திய எள்ளும் உதிர்ந்த புண்ணாக்கும் கூட்டுக்குக் கீழேயே கிடைத்ததால் அது எங்கும் போவதில்லை. உடம்பு கனத்துவிட்டது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழும். அதற்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மயிலைதான்.

தலை சுற்றக் கூடாது என்று காலையில் தொழுவத்திலேயே மயிலையின் கண்களைத் துணியால் கட்டிவிடுவார்கள். மாலையில் தொழுவத்துக்குத் திரும்பிய பிறகுதான் அவிழ்ப்பார்கள். அதனால் தினமும் எங்கெங்கோ போய்விட்டு வீடு திரும்புவதாகவே மயிலை நம்பியிருந்தது.

"மைனாப்புள்ளே, இப்ப எந்த ஊரு?" என்று நடந்துகொண்டே கேட்கும்.

"தாராபுரம் மாமா. ஆத்துக்குள்ள இறங்கறீங்க. பாத்துக் கால வைங்க."

மயிலை தண்ணீரில் நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். மைனாவுக்குச் சிரிப்பு அடங்காது.

"பழனி மலை தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. மொட்டை போட்டுக்கறீங்களா?"

ஒருநாள் நடுப்பகலில், நைந்துபோயிருந்த கண் துணி கிழிந்து விழுந்தது. மயிலை நின்று பார்த்தது. முன்னால் செக்கு. சுற்றிலும் தன் குளம்புகளே தேய்த்த ஒரு வட்டப் பள்ளம். அப்பால் கொட்டகைச் சுவர்.

"தாராபுரம் எங்க?" என்று கேட்டது.

மைனா கூரையிலிருந்து கெக்கலித்துச் சிரித்தது. பிறகு மயிலையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டது. மயிலை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

"நடந்து நடந்து அலுத்துப்போச்சு. படுத்துக் கெடக்கட்டும்" என்றார் மாரப்பன். மூன்று நாள் படுக்க வைத்தார். மயிலை சோளத்தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாணி கல்லாக இறுகியது. எப்போதும் வலப்பக்கமே திரும்பித் திரும்பிக் கழுத்தும் அந்தப் பக்கம் கோணியிருந்தது. வலக் குளம்புகள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தன.

"இனி இதுனால ஆகாது புள்ளே. மாட்டுச் சந்தை கூடறப்ப தள்ளி உட்ர வேண்டீதுதான்" என்றார் பாவாயியிடம்.

சந்தைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தச் சந்தையில் இழுக்க முடியாத மாட்டை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மைனாவுக்கும் தெரியும். அது கீழே வந்து பாவாயியிடம் தன் பொய்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னது.

"அட கழுதை! சிரிக்கறதுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்று பாவாயி வைதாள். மயிலையின் பக்கத்தில் போனாள். "தாராபுரம் வேண்டாம். வாய்க்கா வரைக்குமாச்சும் அதைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு, போ" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

மயிலை தட்டுத்தடுமாறி வெளியே வந்தது. வெட்டவெளி. எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் அது வலப்பக்கம் திரும்பியது, மறுபடி திரும்பியது, மறுபடியும். செக்கே இல்லாத இடத்தில் செக்கைச் சுற்றியது. பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மைனா முன்னால் பறந்து, "இந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம்!" என்று கத்தியது.

"மேல பாத்தாக் கால் இடறுது. நீ சொல்றதை இனி எப்படி நம்பறது? நீ மேல இருக்கறே, நான் கீழ இருக்கறேன்."

மைனா தரையில் இறங்கியது. தத்திப் பார்த்தது. மாட்டின் ஒரு எட்டுக்கு ஆறு தத்து வேண்டியிருந்தது, மூச்சு வாங்கியது. "மாமா, நீங்க எப்படிப் போறீங்க?" என்று கேட்டது.

"ஒண்ணை வெக்கறேன். அது நின்னதும் இன்னொண்ணை வெக்கறேன்."

மைனா வலக்காலை வைத்தது. இடக்காலை வைத்தது. விழுந்தது. எழுந்து மறுபடி வைத்தது. மயிலையின் வலப்பக்கம் ஒட்டியே நடந்ததால், மைனாவை மிதித்துவிடுவோமோ என்ற பயத்தில் மயிலையால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. பல வருஷத்தில் முதல்முறையாக அது நேராக நடந்தது.

அன்று வாய்க்கால் கரை வரை போனார்கள். ஈர மண்ணில் குளம்பு புதைந்து புதைந்து எழுந்தது. மறுநாள் பாறை மேட்டில் ஏறினார்கள். ஏறும்போது மயிலையின் கழுத்து தானாகவே நிமிர்ந்தது. அடுத்த நாள் ஓடை மணல். அதற்கடுத்த நாள் கரிசல் காட்டு வரப்பு. அங்கே மயிலை இடப்பக்கம் திரும்பியது. திரும்பியதும் நின்று, "ஏம்புள்ளே, நான் திரும்பீட்டேன்!" என்றது. அன்று மாலை தொட்டித் தண்ணீர் முழுவதையும் குடித்து, இரண்டு கட்டுத் தட்டு தின்றது. சாணியும் இளகியது.

மைனாவும் மாறிவிட்டது. உடம்பு இளைத்தது. வெட்டுக்கிளி, தட்டான், ஆவாரம்பூ என்று பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. எரிந்து விழ மறந்துபோனது. ஆனால் கரடுமுரடான சுக்கான் கல்லில் நடந்து கால்கள் புண்ணாகிவிட்டன. மாலைதோறும் பாவாயி நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அந்தக் கால்களில் பூசினாள். சும்மா இராமல் மைனா அதைக் கொத்திப் பார்த்தது. அதே காலால் கண்ணோரத்தையும் சொறிந்துகொண்டது.

சந்தை நாள் வந்தது. மாரப்பன் கயிற்றோடு நின்றார்.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு" என்றாள் பாவாயி. "வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போகாதீங்க. நீங்களும் நடந்தே கூட்டிட்டுப் போங்க. வழியில எங்காச்சும் ஒரு சுத்துச் சுத்துச்சுன்னா வித்துப் போடுங்க. இல்லீன்னா கூட்டிட்டு வந்துருங்க."

"வேகாத வெயில்ல என்னையும் நடக்கச் சொல்றியா? என்ற முழங்கால் இருக்கற இருப்புக்கு!"

"பலகையில உக்காந்தே சுத்துனா முழங்கால் எப்படி இருக்குமாம்?"

மாரப்பன் முனகிக்கொண்டே நடந்தார். பாதி வழி வரை மயிலை சுற்றுமென்று எதிர்பார்த்தார். அது மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, ஒற்றையடிப் பாதை வளைந்த இடத்திலெல்லாம் வளைந்தது. பக்கத்தில் மைனா குடுகுடுவென்று நடந்தது. முனகலை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டதை மாரப்பன் ஒரு வேப்பமரத்தடியில்தான் கவனித்தார். முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அங்கே மயிலை மெல்லக் கேட்டது. "மைனாப்புள்ளே, இப்ப எந்த ஊரு?"

மைனா மரத்தைப் பார்த்தது, வரப்பைப் பார்த்தது.

"ஒரு ஊரும் இல்ல மாமா. நம்மூருக் காட்டோட கடைசி வேப்பமரம். இந்தப் பக்கம் நானும் இதுக்கு முன்னால வந்ததில்ல."

மயிலை சுற்றிலும் பார்த்தது. "நல்லாருக்குது" என்றது.

மாரப்பன் கயிற்றை மாட்டின் கழுத்தில் சுற்றிப் போட்டுவிட்டு, வந்த வழியை விட்டு ஓடை வழியாக வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் நுழையும்போதே, "புள்ளே, களி இருக்குதா? பசி உயிர் போகுது!" என்று கத்தினார். அதன் பிறகு செக்கு அரைப் பொழுதுதான் ஓடியது. மீதிப் பொழுதில் மாரப்பனும் மயிலையும் மைனாவும் தினம் ஒரு பக்கமாகப் போய் வந்தார்கள்.

மைனாவின் காலில் ஏறிய மஞ்சள் அதற்குப் பிறகு போகவே இல்லை. அலகிலும் கண்ணோரத்திலும் பட்டதும் அப்படியே நின்றுவிட்டது. மேயும் மாட்டின் காலடியில் மைனா ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடப்பதும், நடந்துகொண்டே ஓயாமல் பேசுவதும் அன்று தொடங்கியதுதான். எந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று அது இன்றும் மாட்டுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருக்கிறது.