குளத்து நடுவில் நாலு கோடு

மலையடிவாரத்துக் குளத்தங்கரையில் ஒரு மருதமரம். அதில் மரகதம் என்ற அணில் குடியிருந்தாள். நல்ல மரம், நல்ல நிழல், வயிறு நிறையக் கொட்டை. குறை ஒன்றே ஒன்றுதான். செல்போனில் சிக்னல் கிடையாது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு மாதமாக இதே பாடு!

சிக்னல் பிடிக்க மரகதம் செய்யாத வித்தை இல்லை. போனைக் கிளை நுனியில் கட்டித் தொங்கவிட்டாள். தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்துப் பார்த்தாள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "ஹலோ! ஹலோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எப்போதாவது ஒரு கோடு எட்டிப் பார்க்கும். உடனே, "வந்துருச்சு!" என்று சந்தோஷத்தில் ஒரு துள்ளுத் துள்ளுவாள். துள்ளிய வேகத்தில் அந்தக் கோடும் போய்விடும். அணில் புத்தி, என்ன செய்வது!

இந்தச் சிக்னலால் அவளுக்கு ஒரு பெரிய மனவருத்தமும் வந்து சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டுப் போன மகள் பவளத்துக்கு இது தலைப்பிரசவம். தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும்? மாப்பிள்ளை நேரில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க அத்தை! உங்க வீட்டுல சிக்னலே இல்லீங்க. அவசரம்னா யாரைக் கூப்பிடறதுங்க? பிரசவம் எங்க வீட்டுலயே ஆகட்டுங்க!"

நியாயமான பேச்சுதான். ஆனாலும் மரகதத்துக்கு மனசு ஆறவில்லை. மகளுக்கென்று இலவம்பஞ்சு வைத்துக் கட்டிய கூடு காலியாகவே கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

ஒரு நாள் காலையில் போன் 'டிங்' என்றது. பவளம் செய்தி அனுப்பியிருந்தாள். 'அம்மா, மூணு குட்டி. கடைசிக் குட்டி பால் குடிக்க மாட்டேங்குது. உடம்பு சில்லுனு இருக்குது. உடனே கூப்பிடும்மா.'

அவ்வளவுதான். இருந்த ஒரு கோடும் மறைந்துவிட்டது.

மரகதம் பதறிப்போனாள். மலையைச் சுற்றி ஓடினால் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் குட்டி தாங்குமா? மரத்தில் ஏறினாள், இறங்கினாள், புதருக்குள் நுழைந்தாள். எங்கேயும் ஒரு கோடு இல்லை. கடைசியில் குளக்கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"ஏன் அம்மிணி அழுவறே?" என்று ஒரு குரல் கேட்டது.

தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார் ஒண்டிமுத்துக் கொக்கு. அதே மரத்தின் உச்சிக் கிளைதான் அவருக்கு வீடு. அவருடைய எச்சம் கூட்டின் மேல் விழுகிறது என்று மரகதம் ஒரு நாள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டாள். அதிலிருந்து ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது ரோஷம் பார்க்க நேரமில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"போன வாரம் எருமை குளிக்க வந்துச்சு. குளத்து நடுவுல நிக்கையில அது போன்ல நாலு கோடு இருந்ததை நான் பார்த்தேன். ஏறு என் தோள்மேல!" என்றார் கொக்கு.

"எனக்கு ஆடாம இருக்கத் தெரியாதுங்களே, அண்ணா!"

"உனக்குத் தெரியாட்டிப் போகுது. அசையாம நிக்கறதை விட்டா எனக்கு வேறென்ன தெரியும்? போனை என் வாயில குடு!"

கொக்கு அவளைச் சுமந்துகொண்டு, குளத்து நடுவே முட்டியளவு தண்ணீர் நின்ற திட்டில் போய் நின்றார். போனை அலகில் கவ்விக்கொண்டு கழுத்தை நீட்டினார். ஒரு கோடு, இரண்டு கோடு, நாலு கோடு! மரகதம் தோளிலிருந்து எட்டி மகளின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா!" என்றாள் பவளம்.

"சாமி, அழுவாதே! அம்மா சொல்றதைக் கேளு! குட்டியை நெஞ்சோட அணைச்சுக்கோ. வாலால நல்லா மூடு. உடம்பு சூடேறாம வாயைத் திறக்காது!"

மரகதம் கொக்கின் தோளில் குதித்தாள், அழுதாள், வாலை ஆட்டினாள். கொக்கு இம்மியும் அசையவில்லை. இதைப் பார்த்த மீன்களுக்குக் குளிர்விட்டுப்போயிற்று.

"அண்ணாச்சிக்கு வாய் நிறைய போன்! வாங்கடி விளையாடலாம்!" என்று அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. கொழுத்த கெண்டை ஒன்று அவர் முட்டியை இடித்துவிட்டே போனது. விடிந்ததிலிருந்து அவர் வயிற்றில் ஒன்றுமில்லை. ஆனாலும் குனியவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. கால் மரத்துப்போனது.

"சூடு வருதா, கண்ணு?"

"கொஞ்சம் வருதும்மா."

"இப்போ ஒரு சொட்டுப் பாலை உதட்டுல தடவு."

மறுமுனையில் சத்தமே இல்லை. மரகதம் முதன்முறையாக ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மீன்கள்கூட நின்று கவனித்தன. அப்புறம் மெல்ல ஒரு சத்தம் கேட்டது. சப், சப், சப்.

"குடிக்குதும்மா! குடிக்குது!" என்று பவளம் கத்தினாள்.

மரகதம் கொக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். கொக்கின் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. துடைக்கத் தலையை அசைக்க வேண்டுமே என்று அப்படியே நின்றார்.

"இவ்வளவு தெளிவாக் கேக்குதே! வீட்டுக்கு சிக்னல் வந்துருச்சா? எங்கிருந்தும்மா பேசறே?"

"பக்கத்து வீட்டு அண்ணன் தோள்ல இருந்து பேசறேன், கண்ணு!"

அக்கம்பக்கத்தாரோடு முகம் கொடுத்துப் பேசி வையுங்கள். கையில் இருக்கும் கருவி கைவிட்ட நேரத்தில் தோள் கொடுக்க வருகிறவர்கள் அவர்கள்தான்.